வலது பக்க ஷாக்கில் சுறா எண்ணெய்

“18-8-1974, ஞாயிறு. முதலியார் வீடு. ஹெரால்டு. முன் ஷாக் இரண்டும் போச்சு. இடது புதுசு போட்டாச்சு. வலதுக்குச் சாமான் இல்லை. வியாழனுக்குள் ஏதாவது செய்ய வேண்டும்.”

என் பாக்கெட் டைரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. பென்சில் எழுத்து. கிரீஸ் பட்ட இடத்தில் ‘சாமான்’ பாதி அழிந்துவிட்டது, மற்றதெல்லாம் வாசிக்க முடிகிறது. கடைசி வரியில் இருக்கும் அந்த ‘ஏதாவது’ என்ன என்பதை, பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைப்பு. முப்பத்தெட்டு வருடம் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவன் நான். செய்த தவறுகளையெல்லாம் தேதிவாரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் வாசனையுள்ள தவறு இது ஒன்றுதான்.

நீங்கள் இன்று ஸ்ட்ரட் என்று சொல்வதை அன்று எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஹெரால்டு காரில் சுருள் ஸ்பிரிங்கும் அதன் நடுவே ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக முன் சக்கரத்தை ஒட்டி நிற்கும். மொத்தத்துக்கும் எங்கள் பெயர் ஷாக். அது தேய்ந்துபோனால், பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் வண்டி நாலைந்து தடவை தலையாட்டும். முதலியாரின் வண்டி செங்கல்பட்டுத் தெருக்களில் போவோர் வருவோருக்கெல்லாம் சம்மதம் சொல்லிக்கொண்டே போனது.

ஏகாம்பர முதலியார் ரயில் நிலையம் போகும் தெருவில் நோட்டு, பேனா, காகிதம் விற்கும் கடை வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாகச் சைவம். அவர் வீட்டில் முட்டையைக்கூடப் பெயர் சொல்ல மாட்டார்கள், ‘அது’ என்பார்கள். வண்டியைப் பட்டறையில் விடுவதும் அவருக்குப் பிடிக்காது. அதனால் சாமான் பெட்டியை சைக்கிளில் கட்டிக்கொண்டு நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் போவோம்.

அந்த வாரம் அவருக்கு ஒரு கவலை இருந்தது. ஒரே மகள் கோமதியை மாமல்லபுரத்தில் ஒரு பள்ளி ஆசிரியருக்குக் கொடுத்திருந்தார். முந்தின வருடம் ஐந்தாம் மாதத்தில் ஒரு குழந்தை தங்காமல் போயிற்று. இப்போது ஒன்பதாம் மாதம். வியாழக்கிழமை அங்கே வளைகாப்பு முடித்து, அன்றே பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பஸ் கூடவே கூடாது, கார் என்றாலும் தூக்கிப்போடக் கூடாது. திருக்கழுக்குன்றம் வழியாக வரும் அந்தச் சாலையில் அப்போது பள்ளங்களுக்கு இடையே ஆங்காங்கே கொஞ்சம் தார் தெரியும்.

முதலியார் எங்கள் மேஸ்திரியிடம் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

“மேஸ்திரி, வண்டி வேகமா ஓடணும்னு நான் கேக்கல. எம் பொண்ணு அலுங்காம வூடு வந்து சேரணும். அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணு.”

மேஸ்திரியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. தன் பெயர் காகிதத்தில் வருவது போலீஸ் ஸ்டேஷனில் மட்டும்தான் என்று நம்பியவர் அவர். படாளம் பக்கத்து விவசாயக் குடும்பம். நாளைக்கு ஒரு டப்பா மூக்குப்பொடி போடுவார். இந்தப் பொடி விஷயத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டணத்துக்கு இரண்டு ஷாக் சொல்லி அனுப்பியிருந்தோம். வந்தது ஒன்று. இரண்டும் தேய்ந்த வண்டியைவிட, ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் செத்ததுமாக ஓடும் வண்டி மோசம் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளத்தில் இறங்கும்போது கோணிக்கொண்டு இறங்கும். இடது பக்கம் புதியதைப் போட்டோம். கழற்றியது, மாட்டியது எல்லாம் நீங்கள் தினமும் செய்வதுதான், விட்டுவிடுகிறேன். வலது பக்கத்துப் பழையதைத் திறந்து பார்த்தபோது உள்ளே கம்பி நன்றாக இருந்தது, எண்ணெய்தான் ஒரு சொட்டும் இல்லை. மேஸ்திரியின் பெட்டியில், எண்ணெய் கசியாமல் அடைக்கும் புது ரப்பர் சீல் ஒன்றே ஒன்று இருந்தது. அதைப் போட்டு எண்ணெய் நிரப்பினால் ஒரு மாதம் ஓடும் என்றார்.

எந்த எண்ணெய் என்பதுதான் கேள்வி. ஷாக்குக்கான எண்ணெயும் கிடைக்கவில்லை, ஜாக்கில் ஊற்றும் எண்ணெயும் கிடைக்கவில்லை. அந்த வருடம் எண்ணெய் என்று எதைக் கேட்டாலும் கடைக்காரர் கையை விரித்தார். இன்ஜின் ஆயிலை ஊற்றிப் பார்த்தோம். உலக்கை மாதிரி நின்றது, அசையவில்லை.

மேஸ்திரி அதை அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “இத்த மாட்டிக்கினு போனா பொண்ணுக்கு மட்டும் இல்ல, முதலியாருக்கே வலி எடுத்துடும்.”

ஊற்றியதைக் கவிழ்த்துவிட்டு, ஷாக்கை அந்தப் புது சீலோடு கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அன்று சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். எனக்கு மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆள் நான்தான். திங்கள் காலை என் அண்ணன் கன்னியப்பன் மணலில் படகைக் கவிழ்த்துப் பலகைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். சுறா ஈரலில் எடுத்த எண்ணெய். பலகை உப்பில் இற்றுப்போகாமல் இருக்கப் பூசுவது வழக்கம்.

“இன்னாடா அது, துப்பாக்கி மாரி கீது?”

“கார் ஷாக்கு. எண்ணெய் இல்லாம கெடக்குது.”

“எண்ணெதான? ஒரு டின் கீது, எடுத்துக்கோ. படகு மெதக்குது, காரு ஓடாதா?”

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நான் விரலில் தொட்டுப் பார்த்தேன். இன்ஜின் ஆயிலைவிட நீர்ப்பு, மண்ணெண்ணெயைவிடக் கெட்டி. எனக்கு வேண்டிய பதம் அதுதான். அளந்து ஊற்றி, புது சீலைப் போட்டு மூடி, கம்பியை இழுத்து அமுக்கினேன். பட்டு மாதிரி இறங்கி, பட்டு மாதிரி ஏறியது. அன்றைய டைரியில் ‘வெற்றி’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். அடிக்கோடு போடும் பழக்கத்தை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன்.

வீட்டில் நல்லெண்ணெய் இருந்திருக்குமே, அதை ஊற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அது அன்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணெய் என்றால் சமையலுக்கு ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் சுறா எண்ணெய். நான் வளர்ந்த வீட்டின் ஒழுங்கு அது.

மேலெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து வந்து, மத்தியானம் மாட்டினேன். மேஸ்திரி குனிந்து பார்த்தார், மோந்தும் பார்த்தார். பொடி போட்ட மூக்கு. “சரியா கீது” என்றார். முதலியார் ஊரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். வேண்டுமென்றே தண்டவாளத்துப் பக்கத்துக் குழியில் இறக்கி ஏற்றினார். வண்டி தலையாட்டவில்லை.

“மெத்தை மேல போற மாரி கீது தம்பி” என்றார். என் தோளில் தட்டிக்கொடுக்கவும் செய்தார்.

புதன்கிழமை, அதாவது ஆகஸ்ட் 21, ஒருமுறை சரிபார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கொட்டகையில் வண்டியின் வலது முன் சக்கரத்தைச் சுற்றி நான்கு பூனைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. ஐந்தாவது ஒன்று சக்கரத்துக்குப் பின்னால் எதையோ நக்கிக்கொண்டிருந்தது. முதலியாரின் மனைவி துடைப்பத்தோடு நின்றார்.

“ரெண்டு நாளா இதே பேஜாருப்பா. தொரத்தினா போவுது, திரும்பினா வந்துடுது. எலி கிலி செத்துக் கெடக்குதான்னு இதுங்க வந்ததுல இருந்து தேடுறேன்.”

எதிர்வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்தார். “பூனைங்களுக்கும் சேத்து வளைகாப்பா அம்மா?”

கீழே படுத்துப் பார்த்தேன். வெயிலில் சூடேறி, சீல் வழியாக எண்ணெய் லேசாகக் கசிந்திருந்தது. ஓட்டத்துக்குக் குறையில்லை, ஒரு வாரத்துக்கு அரைக் கரண்டி போகும் அளவு. மோந்து பார்த்தேன். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்: எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து சுவாசித்த காற்று எனக்கு நாற்றமாகத் தெரியவில்லை. பூனைகளைப் பார்த்துத்தான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பதே புரிந்தது.

பட்டறைக்கு ஓடினேன். மேஸ்திரி முழுவதும் கேட்டார். சிரிப்பாரா அடிப்பாரா என்று பார்த்தேன். இரண்டும் செய்யாமல் ஒரு சிட்டிகை பொடி போட்டார்.

“எண்ணெய மாத்திடலாமா மேஸ்திரி?”

“சீலைத் தொறந்தா கிழிஞ்சிடும். வேற சீல் கெடையாது. அப்புறம் அந்தப் பக்கம் ஷாக்கே இல்லன்னு வெச்சுக்கோ.”

“வாடகைக் காரு?”

“ரயில் ஸ்டேஷன்ல நிக்குற ரெண்டு வண்டியும் நாம ஓட்டிப் பாத்ததுதான். மாட்டு வண்டி தேவலாம்.”

“அப்ப சொல்லிடட்டுமா?”

“சொன்னா முதலியார் அந்த வண்டியில ஏற மாட்டாரு. பொண்ணு வாடகை வண்டியில குலுங்கிக்கினு வரும். சொல்லலேன்னா வண்டி ஒழுங்காப் போவும், உனக்குத்தான் சோறு எறங்காது.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு நீயும் கூடப் போ. வழியில ஷாக்கு மக்கர் பண்ணா பாத்துக்கலாம். மத்தத நீயே யோசி.”

வியாழன் காலை பத்தரைக்கு மேல் புறப்பட்டோம். முதலியார் ஓட்டினார், நான் பக்கத்தில். அவர் மனைவி பின்னால் சீர்த் தட்டுகளோடு. வல்லம் தாண்டுவதற்குள் அந்த அம்மாள் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார். திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது கேட்டார்.

“ஏம்பா, உனக்கு எந்த ஊரு?”

சொன்னேன்.

“கடலோரமா?”

“ஆமாம்மா. குப்பம்.”

“ஆங்” என்றார். ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டார். அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வண்டி நாறவில்லை, வண்டியில் உட்கார்ந்திருக்கும் நான் நாறுகிறேன்.

முதலியார் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “மழை வரப் போவுதுடி. அதான் கடல் காத்து உள்ள தள்ளுது.” வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

அவமானமாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. மறுபாதி, நிம்மதியாக இருந்தது. வாயைத் திறக்காமலே தப்பித்துவிடலாம். சட்டையைத் துவைத்தால் போகிற பழி அது. ஷாக் நன்றாக வேலை செய்தது. மதகு உடைந்த இடத்தில்கூட வண்டி மெதுவாக இறங்கி மெதுவாக ஏறியது. திரும்பும்போதும் இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

மாமல்லபுரத்தில் வளையல் அடுக்கி, சாப்பாடு ஆகி, ராகு காலம் கழிய மூன்று மணிக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். நான் வேப்பமர நிழலில் வண்டியைச் சுற்றி வந்து பூனை எதுவும் வராமல் காவல் காத்தேன். அப்போது கோமதியம்மாளே வெளியே வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல். முகத்தில் பயம் இருந்தது.

“அண்ணே, நீங்கதான் வண்டி வேலை பாத்தீங்களா?”

“ஆமாம்மா.”

“தூக்கிப் போடாதே? போன தடவை பஸ்ல வந்தப்புறம்தான்…” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அதுவரை நான் முதலியாரிடம் சொல்வதா வேண்டாமா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சீட்டில் உட்காரப் போவது இவர். வாந்தி வந்தால் இவருக்கு வரும், வயிற்றைப் பிடித்துக்கொள்ளப் போவதும் இவர். கேள்வி கேட்டவரும் இவர்தான். சொல்லிவிட்டேன். எண்ணெய் கிடைக்காதது, அண்ணன் கொடுத்த டின், பூனைகள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

கோமதியம்மாள் வலது சக்கரத்தைப் பார்த்தார்.

“சுறாவா?”

“ஆமாம்மா.”

“அது இருக்கிறதால குலுங்குமா?”

“குலுங்காதும்மா. அது இருக்கிறதாலதான் குலுங்கல.”

“வழியில நின்னுடுமா?”

“நிக்காது. நான் கூட வரேன்.”

“அப்ப வரட்டும். ரெண்டு வருஷமா இந்த ஊருக் காத்த மோந்து எனக்கு மூக்கு எப்பவோ மரத்துப் போச்சு. அம்மாதான் கத்தும். அத நான் பாத்துக்கறேன்.” திரும்பியவர் நின்றார். “வேணாம்னு நான் சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?”

“வாடகைக் கார் கொண்டாந்திருப்பேன். பட்டறை வேலை போயிருக்கும்.”

“போயிருக்காது. அப்பா ரெண்டு நாளு கத்துவாரு, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நடையில் முன்பிருந்த பயம் இல்லை.

மூன்றரைக்குப் புறப்பட்டோம். ஊர் எல்லை தாண்டியதும் முதலியாரின் மனைவி ஆரம்பித்தார்.

“இப்பவும் அடிக்குதுங்க.”

“எம் மேலதாம்மா” என்றார் கோமதி. “இங்க துணி காயப்போட்டா மீன் கருவாட்டுக் காத்துலதான் காயுது. வேணும்னா மூக்கைப் பொத்திக்கோ, என்னை எறக்கி வுட்டுடாத.”

“சீ, அதெல்லாம் இன்னா பேச்சு” என்று அம்மாள் மகளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அதன் பிறகு அந்த வாசனையைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. காலையில் என் மேல் வந்தபோது தாங்க முடியாத நாற்றம், மாலையில் மகள் மேல் வந்தபோது ஒன்றுமில்லை. நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. என் மூக்கும் அப்படிப்பட்டதுதானே.

மதகு வந்தது. முதலியார் முதல் கியருக்கு மாற்றினார். நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வலது சக்கரத்தைப் பார்க்க முயன்று, அது வேறு பக்கம் என்பது நினைவு வந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். வண்டி இறங்கியது. ஏறியது. பின்னால் வளையல்கூடச் சத்தம் போடவில்லை. நான் என் வாழ்நாளில் பார்த்த வேலைகளில் அவ்வளவு நிம்மதி கொடுத்த நொடி வேறு இல்லை. ஐந்தேகாலுக்குச் செங்கல்பட்டு வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள்.

செப்டம்பர் 19 பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். முதலியார் பட்டறைக்கே வந்து கல்கண்டு கொடுத்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். செய்த வேலையை, உங்களைப் போல வாழாத ஒருவரிடம் காட்டுங்கள். நம் கண்ணும் காதும் மூக்கும் நம் வீட்டுக்குப் பழகியவை, வண்டி வேறு வீட்டுக்குப் போகிறது. அடுத்தது, கோளாறைச் சொல்ல வேண்டிய இடம் வண்டிக்குச் சொந்தக்காரர் மட்டும் இல்லை, அதில் உட்காரப் போகிறவரும்தான். இந்த இரண்டாவதை நானாக யோசித்துச் செய்தேன் என்று பெருமை பேச முடியாது. கோமதியம்மாள் வெளியே வந்து கேட்டிருக்காவிட்டால், நான் வாயைத் திறந்திருப்பேனா என்பது எனக்கே தெரியாது.

அக்டோபர் 12, சனிக்கிழமை, பட்டணத்திலிருந்து இரண்டாவது ஷாக் வந்தது. முதலியார் வீட்டில் மாட்டினேன். கழற்றிய பழைய சாமானைக் காகிதத்தில் சுற்றி வண்டிக்குச் சொந்தக்காரரிடமே கொடுத்துவிடுவது எங்கள் பட்டறை வழக்கம், புதியது உண்மையிலேயே போட்டோம் என்பதற்கு அத்தாட்சி. முதலியார் அப்படி வாங்கிய சாமான்களையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பார். நான் பொட்டலத்தை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம் தம்பி. அது உங்க வூட்டுப் பொருளு. அண்ணன்கிட்ட குடு.”

எனக்கு அண்ணன் இருப்பதை அவரிடம் நான் சொன்னதில்லை. கோமதியம்மாளைப் பின்னாளில் கேட்டேன். தான் யாரிடமும் சொல்லவில்லை என்றார். நானும் சொல்லவில்லை. மீதி இருப்பது மேஸ்திரி. அவரிடம் கேட்டபோது பொடி டப்பாவைத் தட்டினார். பல வருடம் கழித்து, முதலியார் கடையில் வேலை பார்த்த ஒருவர் ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாணத்தில் என்னிடம் சொன்னார்: ஆகஸ்ட் மாதம், வளைகாப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், மேஸ்திரி கடைக்கு வந்து, முதலியாரைத் தனியாக அழைத்து அரை மணி நேரம் பேசினார், போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போனார். மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நோட்டு ஒரு சாக்குதான். அவர் அன்று சுறா எண்ணெய் விஷயத்தைச் சொல்லியிருந்தால், முதலியார் எல்லாம் தெரிந்தேதான் மறுநாள் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார். ஆனால் கல்யாணத்தில் எனக்கு இதைச் சொன்னவர் தேதியை நினைவிலிருந்து சொன்னார், மேஸ்திரியும் முதலியாரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். எனவே இந்தத் தகவலை டைரியின் பின்பக்கத்தில், ‘சரிபார்க்கப்படவில்லை’ என்ற குறிப்போடுதான் எழுதி வைத்திருக்கிறேன்.